மார்கழிப் பனியில் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பலாமா?

சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் உங்கள் வீடு. நான்கு கிலோமீட்டர் தொலைவில் பள்ளி. மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இருவரும் சைக்கிளில் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். உங்கள் மாமியாரோ, கார்த்திகை பிறந்த நாளிலிருந்து, “பனியில் பிள்ளைகளை விடாதே, நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்” என்கிறார். இதற்கு நேர்மாறாக உங்கள் கணவர், அரையாண்டு விடுமுறையில் ஏற்காட்டுக்கே சைக்கிளில் கூட்டிப்போகலாம் என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளிக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஏற்காட்டுக்கும் போங்கள், ஆனால் மலையிலிருந்து சைக்கிளில் இறங்குவதை மட்டும் சில ஆண்டுகளுக்குத் தள்ளிவையுங்கள். நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்து, ஒரு பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். என் இரண்டு பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்பிலிருந்து சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனார்கள். தினமும் காலையில் பள்ளி வாசலில் நின்று, வந்து சேரும் சைக்கிள்களைப் பார்ப்பது என் வேலையாகவே இருந்தது. பனியில் வந்ததால் கெட்டுப்போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. நேரமாகிவிட்டது என்று பறந்து வந்து, கடைசித் திருப்பத்தில் விழுந்து, முழங்கால் கிழிந்து நின்ற பிள்ளைகளை வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நான் நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் குளிரை முடித்துவிடுவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வெப்பநிலை 18, 20 டிகிரி வாக்கில் இருக்கும். பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும் எட்டேகால், எட்டரை மணிக்கு வெயில் ஏறி, ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று தோன்ற ஆரம்பித்துவிடும். மிதிக்கிற உடம்பு தானே சூடாகிவிடுவதால், ஐந்தாவது நிமிடத்தில் குளிர் தெரியாது. பின்லாந்து நாட்டில் ஊலு என்றொரு நகரம் இருக்கிறது. டிசம்பர் பிற்பாதியில் அங்கே பகல் பொழுது நான்கு மணி நேரம்கூட நீடிக்காது. வெப்பநிலை உறைநிலைக்குப் பல டிகிரி கீழே கிடக்கும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் பனிக்கட்டியின் மேல் சைக்கிளில் போய்வருகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான முதல் உலக மாநாடும் 2013இல் அந்த ஊரில்தான் நடந்தது. அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடத் தைரியசாலிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. பள்ளி தொடங்குவதற்கு முன்பே அந்த நகரம் சைக்கிள் பாதைகளில் விழுந்த பனியை வாரித் தள்ளிச் சமன்படுத்திவிடுகிறது. முந்திக்கொண்டு செய்யும் அந்த வேலைதான் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்புகிறது. நம் ஊரில் அந்த வேலையை வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடவும் வேண்டாம். சளி பிடிப்பது கிருமியால்தான் என்றாலும், அவர் அஞ்சுவதில் உண்மை இருக்கிறது. சேலம் நகரம் நாலாபுறமும் மலை சூழ்ந்த தட்டுப் போன்ற இடத்தில் இருக்கிறது: வடக்கே நகரமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. குளிர்கால இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருப்பதால், கீழே இருப்பது மேலே எழும்ப வழியில்லாமல் மூடி போட்ட பாத்திரம் போல அடைபட்டுப் போகிறது. தெருமுனையில் குப்பை எரித்த புகையும், குளிர் காயப் போட்ட நெருப்பின் புகையும், லாரிப் புகையும் அந்த மூடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் வெளியே போனால் தொண்டை கரகரப்பதற்குப் பனியைவிட இந்தப் புகைதான் பெரிய காரணம். வெயில் ஏறித் தரை சூடானதும், எட்டு மணி வாக்கில், இது மெல்லக் கலையத் தொடங்கும். ஆறு மணி டியூஷனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை இந்தப் புகை முழுவதையும் மூச்சில் வாங்குகிறது. எட்டரைக்குக் கிளம்பும் பிள்ளை அதில் பெரும்பகுதியிலிருந்து தப்பித்துவிடுகிறது. போகிப் பண்டிகை அன்று காலையில் மட்டும் யாரையும் சைக்கிளில் அனுப்பாதீர்கள். இரண்டு பிள்ளைகளில் யாருக்காவது வீசிங் இருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்; குளிர்ந்த காற்றில் திடீரென்று வேகமாக மிதித்தால் மூச்சுக்குழல் சுருங்கும் பிள்ளைகள் உண்டு. முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதிப்பதும், வாயை மூடி மூக்கால் மூச்சு விடுவதும், மூக்கையும் வாயையும் மூடிய ஒரு பருத்தித் துணியும் அவர்களுக்குப் பெரிய உதவி.

மாமியார் சொல்லக்கூடிய இன்னொன்று, ஈரத்தலையோடு போகக்கூடாது என்பது. இது முழுக்கச் சரி. ஈரத்தலையில் காற்றுப் பட்டால் உடம்புச் சூடு வேகமாக இறங்குகிறது. நடுங்குகிற பிள்ளைக்குச் சாலையில் கவனம் நிற்காது. எண்ணெய்க் குளியலைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிவிடுங்கள். பள்ளி நாளில் தலைக்குக் குளிப்பதானால் முந்தின நாள் மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

இனி நேரத்தைப் பற்றி. நம் ஊரில் ஆண்டிலேயே குறுகிய பகல் டிசம்பர் 21, 22இல் வருகிறது. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்றைக்கு இல்லை. அது ஒரு மாதம் கழித்து, தை முதல் வாரத்தில் நடக்கிறது. மார்கழி முதல் வாரத்தில் காலை 6.32 வாக்கில் உதிக்கும் சூரியன், பொங்கல் கழிந்த பிறகு 6.42 ஆகியும் வெளியே வருவதில்லை. மாலையில் இது தலைகீழ். கார்த்திகை முதல் வாரத்திலேயே 5.50க்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. அதாவது, ‘இன்னும் மார்கழியே பிறக்கவில்லையே’ என்று நாம் அசட்டையாக இருக்கும் நாட்களில்தான் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுகிறது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நம் ஊரில் வெளிச்சம் முழுக்கப் போய்விடும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் மாலைச் சிறப்பு வகுப்பு வைப்பதும் இந்த நாட்களில்தான். ஐந்தரைக்கு வகுப்பு முடிந்து, சைக்கிள் ஸ்டாண்டில் பத்து நிமிடம் பேசிவிட்டு, வழியில் ஒரு தட்டுவடை செட் வாங்கித் தின்றுவிட்டுப் பிள்ளை வீடு திரும்பும் வேளை எதுவென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக அதே நேரத்தில்தான் வேலை முடிந்து வீடு திரும்பும் பைக்குகளும் கார்களும் சாரதா கல்லூரிச் சாலையில் நெருக்கிக்கொண்டு வருகின்றன. காலைப் பனிக்காகக் கவலைப்படும் தாய்மார்கள் இந்த மாலை வேளைக்காகக் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

அதனால் விளக்கில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். எங்கள் தலைமுறையில் டைனமோ டயரில் உரசிக் கிர்ரென்று சத்தம் போட, சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். சிக்னலில் நிற்கும்போது இருட்டில் நிற்போம். இப்போது பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கிறது. பின்னால் ஒன்றும், முன்னால் வெள்ளை விளக்கு ஒன்றும் கட்டாயம் வேண்டும். பின் விளக்கைக் கேரியரில் பொருத்துங்கள். சீட்டுக்கு அடியில் பொருத்தினால், கேரியரில் வைத்த புத்தகப் பை அதை மறைத்துவிடும். பையின் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை ஒன்று தைத்துவிடுவதும் நல்லது.

வெளிச்சம் மிகுதியால் வரும் ஆபத்தும் உண்டு. சூரமங்கலம் பக்கத்திலிருந்து டவுனை நோக்கிப் போகிறவர்கள் காலையில் கிழக்குப் பார்த்துப் போகிறார்கள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்தே இருப்பதால், ஏழேகால், ஏழரை மணிக்கு ஒளி நேராகக் கண்ணில் குத்தும். பிள்ளைக்குக் கண் கூசுவதைவிட, பிள்ளைக்குப் பின்னால் வரும் ஓட்டுநருக்குக் கண் கூசுவதுதான் கவலைக்குரியது. சூரியனுக்கு நேராகப் போகும் சிறு சைக்கிள் அவர் பார்வையில் கரைந்தே போய்விடும். அப்படிப்பட்ட சாலை வழியில் வந்தால், கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் உள்தெரு வழியாகப் போகப் பழக்குங்கள்.

இப்போது அந்த அவசரத்துக்கு வருகிறேன். நான்கு கிலோமீட்டரை நான்காம் வகுப்புப் பையன் பதற்றமில்லாமல் மிதிக்க இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். முப்பத்தைந்து நிமிடம் கொடுங்கள். அந்த மிச்சம் பத்து நிமிடம்தான், செயின் கழன்றால் மாட்டுவதற்கும், சந்திப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதற்கும், நாய் நின்றால் காத்திருப்பதற்கும் பிள்ளைக்கு மனம் தருகிறது. மார்கழியில் போர்வைக்குள்ளிருந்து பிள்ளையை எழுப்புவதே பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்தப் பத்து நிமிடத்தைக் காலையில் தேடாதீர்கள். முந்தின இரவில் எடுத்துவையுங்கள்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்ததும், வாசல் நடையில் இரண்டு சைக்கிள்களையும் உள்ளே ஏற்றி நிறுத்துவார்கள். மகன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான், குழிந்தால் பம்பு. மகள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளிப் பார்ப்பாள். சக்கரம் உருண்டால் அப்பாவைக் கூப்பிட வேண்டும். பிறகு சீருடை, ஷூவுக்குள் சுருட்டிவைத்த சாக்ஸ், கைப்பிடியில் தொங்கும் ஹெல்மெட், சார்ஜில் போட்ட விளக்கு. அப்பாயி, அதாவது என் தாயார், தன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பார். இருக்கிறது, இருக்கிறது என்று பிள்ளைகள் பதில் சொல்வார்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. பனியைச் சொல்லித் தடுத்துக்கொண்டிருந்த அதே தாயார், இந்த வேலையை அவர் கையில் கொடுத்த பிறகு, ஒரு நாளும் தடுக்கவில்லை. உங்கள் மாமியாரிடமும் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். காலையில் ஒரு டம்ளர் சுக்குமல்லிக் காபியும் அவர் கையால் கிடைக்கும்.

உடையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மங்கி குல்லா போட்டு அதன் மேல் ஹெல்மெட் வைக்காதீர்கள். கம்பளித் தடிமனால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் மேலே மிதக்கும்; காது அடைபட்டுப் பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்காது. மெல்லிய பருத்தித் துணி போதும். ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் நிற்கவேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் சரிந்த ஹெல்மெட் இருந்தும் இல்லாதது போலத்தான். பெண்பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை காதுக்கு மேலே தூக்கலாக நின்றால், ஹெல்மெட் இறங்காது. சடையைக் காதுக்குக் கீழே, கழுத்தை ஒட்டித் தாழப் பின்னிவிடுங்கள். பூவைப் பள்ளி வாசலில் வைத்துக்கொள்ளட்டும். துப்பட்டா உள்ள சீருடையானால், இரண்டு முனைகளையும் இடுப்பில் முடிந்து பின் குத்தாமல் அனுப்பவே கூடாது; பின்சக்கரத்தில் துப்பட்டா சுற்றிக் கழுத்தோடு இழுத்துவிடும் விபத்து நொடியில் நடந்துவிடும். செயினுக்கு முழு மூடி உள்ள சைக்கிளே பாவாடைக்கும் பேண்ட்டுக்கும் பாதுகாப்பு.

புத்தகப் பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. எத்தனை பள்ளிகளில் அது நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். முதுகில் பை கனத்தால் சின்னப் பையன் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிளும் சேர்ந்து திரும்பும். பையைக் கேரியரில் வைத்து, ரப்பர்க் கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். சாப்பாட்டுப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள்.

சைக்கிள் விஷயத்தில் நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: ‘எப்படியும் வளர்ந்துவிடுவான்’ என்று சட்டையைப் போலவே சைக்கிளையும் இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறோம். பதினோராம் வகுப்பில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த சைக்கிளை ஏழாம் வகுப்புத் தங்கையிடம் கொடுத்துவிடுவதும் உண்டு. சைக்கிள் நல்ல சைக்கிள்தான். ஆனால் அந்த வயதில் கால் தரையில் ஊன்றாத சைக்கிள், நிறுத்தவேண்டிய இடத்தில் நிற்காது. ஒன்பது வயதுப் பையனுக்கு 20 அங்குலச் சக்கரமும், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு 24 அங்குலமும் பெரும்பாலும் பொருந்தும். வயதைவிடக் கால் நீளமே கணக்கு. சட்டத்தின் மேல் காலைப் பரப்பி நின்றால் இரண்டு பாதமும் தரையில் படவேண்டும். பிரேக் கைப்பிடியைக் குழந்தையின் விரல் எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். நிறையக் கைப்பிடிகளில் அதற்கென்றே ஒரு சிறு திருகு இருக்கிறது. திருகினால் கைப்பிடி விரலை நோக்கி நெருங்கி வரும். இதை எத்தனையோ பெற்றோருக்கு நான் காட்டியிருக்கிறேன். ஒருவருக்கும் முன்பே தெரிந்திருக்கவில்லை.

மார்கழிக் காலையில் தெருவில் இரண்டு பேரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒருவர், கோலம் போட்டுக்கொண்டிருப்பவர். அவர் குனிந்து புள்ளியைப் பார்ப்பார், சாலையைப் பார்க்கமாட்டார். மணி அடித்துவிட்டு, கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போகவேண்டும். ஆனால் ஒதுங்குவதற்கு முன் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தாகவேண்டும். மற்றவர் தெருநாய். குளிருக்கு இரவெல்லாம் சுருண்டு கிடந்துவிட்டு வெயில் பட்டதும் எழுந்து நிற்கும் நாய்கள், வேகமாகப் போகும் சைக்கிளைத்தான் துரத்தும். துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு, அதுதான் தவறு. வேகத்தைக் குறைத்து, இறங்கி, நாய்க்கும் தனக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலான நாய்கள் விட்டுவிடும். இதை வீட்டு வாசலிலேயே நடித்துக்காட்டிப் பழக்குங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ பயந்து மறைக்காமல் உடனே சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டாகவேண்டும்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, தூரத்தில் வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று சரியாகக் கணிக்கத் தெரியாது. அறிவு குறைவு என்று நினைக்கவேண்டாம், அந்தக் கணிப்பு இன்னும் வளரவில்லை. ஆகவே உங்கள் மகனைத் தனியாக அனுப்பாதீர்கள்; அக்காவின் பொறுப்பிலும் விடாதீர்கள், அது பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பெரிய பாரம். இந்த ஆண்டு முழுவதும் பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தால் சைக்கிள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறுவீர்கள். நீங்களும் சைக்கிளில் போவதே சரி. பிள்ளைகள் முன்னே, நீங்கள் பின்னே, அவர்களைவிட ஒரு முழம் வலப்பக்கம் தள்ளி. பின்னால் வரும் வண்டி முதலில் உங்களைப் பார்த்து விலகும். அந்த விலகலுக்குள் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள். ரவுண்டானாக்களையும் ஐந்து ரோடு போன்ற பெரிய சந்திப்புகளையும் இறங்கித் தள்ளியே கடக்கட்டும். தள்ளிக்கொண்டு போவது கேவலம் என்று எந்த மாமாவாவது சொன்னால், அவர் பேச்சைப் பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க நீங்களே முதலில் இறங்கித் தள்ளுங்கள்.

ஏற்காட்டு விஷயத்தில் உங்கள் கணவரின் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சேலத்தில் சும்மா இருந்த குளிர் அங்கே நிஜமாகவே வேலை செய்யும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே சேலத்தைவிட அங்கே எட்டு டிகிரி வாக்கில் குளிர் அதிகம். ஏறும்போது உடம்பு வேர்த்து உள்பனியன் நனைந்திருக்கும். இறங்கும்போது மிதிக்கிற வேலை இல்லை, உடம்பில் சூடு பிறப்பதில்லை, எதிர்க்காற்று மட்டும் ஈரப் பனியனில் அடித்துக்கொண்டே இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிடித்த பிரேக்கை விட முடியாது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தவற்றை நான் செய்தேன். பாதி வளைவுகளைத் தாண்டியிருப்போம். முன்னால் போய்க்கொண்டிருந்தவள், “அப்பா, விரல் மடங்க மாட்டேங்குது” என்று கத்தினாள். குரலிலேயே பயம் தெரிந்தது. மலைப்பக்கத்து மண்ணில் சைக்கிளை ஏற்றி நிறுத்தச் சொன்னேன். நல்லவேளையாக அந்த இடத்தில் சரிவு குறைவு. அவளுடைய விரல்கள் நகக்கண் வெளுத்து, கைப்பிடியைப் பிடித்த வளைவிலேயே விறைத்திருந்தன. இரண்டு கைகளையும் என் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கழித்துப் பிரேக் கட்டையைப் பார்க்கலாமென்று ரிம்மைத் தொட்டவன், சுட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். விரல் குளிர்ந்துபோன அதே நேரத்தில் ரிம் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சைக்கிளும் பிள்ளையும் சேர்ந்து 48 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குவதற்குள் வெளிப்படும் ஆற்றல், அறை வெப்பநிலையில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். மெதுவாக இறங்குகிறவர்களுக்கு அதில் பெரும்பகுதி அந்த இரண்டு சக்கரங்களின் பிரேக்கில்தான் போய் இறங்குகிறது. அன்றைக்கு மிச்ச வளைவுகளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கீழே அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. அவள் திட்டவில்லை, நான் தான் இரவெல்லாம் தூங்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டு சைக்கிள்களையும் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போங்கள். ஒன்பது மணிக்கு மேல், மூடுபனி கலைந்த பிறகு, ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் தொடங்கி, நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே முடிந்த தூரம் மிதித்துவிட்டுத் திரும்பலாம். டிசம்பர், ஜனவரி காப்பிப் பழம் பறிக்கும் காலம். மூட்டை ஏற்றிய தோட்ட வண்டிகள் குறுகிய சாலையில் எதிரே வரும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி. பிள்ளைகளுக்கு இதை அங்கேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள். சில்வர் ஓக் இலைகள் பனியில் நனைந்து சாலையில் ஒட்டிக் கிடக்கும் நிழல் திருப்பங்களில் வழுக்கும். அங்கே பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிடவேண்டும், திரும்பும்போது பிடிக்கக்கூடாது. ஆளுக்கொரு மாற்றுப் பனியன், கையுறை, காற்றைத் தடுக்க மெல்லிய மழைச்சட்டை எடுத்துப்போங்கள். மழைச்சட்டை இல்லையென்றால், நாளிதழ்த் தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொள்வது, சைக்கிள் ஓட்டப் பந்தயக்காரர்கள் மலையிறங்கும்போது காலங்காலமாகச் செய்துவரும் வழி. புயல் மழை பெய்த வாரத்தில் போகவேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தைத் திருப்பிவிட்டது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அரையாண்டு விடுமுறை தொடங்கியதும் முதல் வேலையாக, ஏற்காட்டுக்கு முன்பே, பள்ளி வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வருமாக மிதித்துப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை அதே வழியை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, விளக்கு போட்டுக்கொண்டு மிதியுங்கள். எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எங்கே மழை பறித்த குழி இன்னும் மூடப்படவில்லை, எந்த வீட்டு முன்னால் நாய் நிற்கிறது என்று பிள்ளைகளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தின இரவு அந்தத் தாளை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து கேட்க அவருக்கு அது வேண்டியிருக்கும்.